டேப்பை நிக்க வைங்க

நான் அனுப்பின திருத்தத்தை மூணாவது தடவையும் ஏத்துக்காம மூடிட்டான்! காரணம் அதே பழைய வரி: "முதலில் வழிகாட்டியைப் படித்துவிட்டு வாருங்கள்." எனக்கு வந்துச்சே கோபம், கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜை மேல டமால்னு வச்சேன். அயர்ன் பண்ணிக்கிட்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கல. "வாட்ச்மேனா?"ன்னு மட்டும் கேட்டார்.

வாட்ச்மேன்னு பேரு வச்சது நான்தான். எங்களுது தையல் கடை. அளவைக் கொடுத்தா சட்டைக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டறதுக்கான மாதிரி, வரைஞ்சு தர்ற இலவச சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. சம்பளம் வாங்காம நாப்பது பேர் ஆசைக்குச் சேர்ந்து எழுதறது. யார் வேணாலும் திருத்தம் அனுப்பலாம்னு முகப்புலயே போட்டிருக்கும்; எப்படி அனுப்பறதுன்னு நீளமா ஒரு வழிகாட்டியும் இருக்கும். ஆனா எது உள்ளே போகணும்னு முடிவு பண்றது இவன். புதுசா யாராவது எட்டிப் பார்த்தா போதும், கேட்டை இழுத்துச் சாத்திடுவான்.

நான் கண்டுபிடிச்ச தப்பு லேசுப்பட்டது இல்ல. பேட்டர்னைச் சின்னத் தாள்கள்ல பிரிண்ட் எடுத்து ஒட்டினா, சட்டைக் கையோட மேல்வளைவு ரெண்டு சென்டிமீட்டர் கூடிப்போகுது. அப்படி வெட்டின கை உடம்புத் துணியோட சேரவே சேராது. ரெண்டு பேர் துணி பாழாச்சு. மூணு மாசம் மதியச் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து கோடிங் கத்துக்கிட்டேன். நாலே வரியில சரி பண்ணி அனுப்பினேன். அதைத்தான் மூடறான்.

இன்னைக்கு அஞ்சு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகுது. விட்டா இன்னும் ஒரு வருஷம். இப்ப மணி மூணரை.

எல்லாரும் பார்க்கற குழுவுல எழுதினேன்: "உங்கள்ல யாராவது, ஒரே ஒரு தடவை, இதைத் தாள்ல எடுத்து ஒட்டிப் பார்த்திருக்கீங்களா?"

ஒருத்தர் கூடப் பார்த்ததில்லையாம். இத்தனை வருஷமும் திரையில பார்த்தே "சரியா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்காங்க! தையலுக்கான சாப்ட்வேர்ப்பா இது!

வாட்ச்மேனுக்கு ரோஷம் வந்துடுச்சு. தானே பிரிண்ட் எடுக்கறேன்னான். நாலே காலுக்குப் பதில் வந்துச்சு: "ஒட்டி அளந்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

எப்படி அளந்தீங்கன்னு போட்டோ கேட்டேன். போட்டான். பார்த்ததும் துள்ளிட்டேன். அளவு டேப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேரா இழுத்துப் பிடிச்சிருக்கான்! "வளைவை அளங்க"ன்னு எழுதினேன்.

"வளைவை எப்படி அளக்கறது?"ன்னு கேட்டான். நாப்பது பேருக்கு முன்னாடி. ரெண்டு பேர் சிரிப்புப் படம் போட்டாங்க.

என் விரல் தானா அடிச்சுது: "முதலில் வழிகாட்டியைப் படித்துவிட்டு வாருங்கள்."

"அனுப்பு, அனுப்பு! விடாதே!"ன்னார் என் வீட்டுக்காரர், தோளுக்குப் பின்னாடி நின்னு.

போட்டோவை இன்னொரு தடவை பார்த்தேன். டேப்புல கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்துச்சு. இப்பத்தான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கான். பாவமாப் போச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி கோடிங் பத்தி நான் கேட்ட முதல் கேள்வியும் இப்படித்தான் இருந்துச்சு. அழிச்சுட்டு வீடியோவுல கூப்பிட்டேன்.

தரையில குப்புறப் படுத்திருந்தான், சுத்தி முழுக்கத் தாள்.

"தம்பி, டேப்பைப் படுக்க வைக்காதீங்க. ஓரத்துல நிக்க வைங்க. அப்படியே கோட்டு மேல வளைச்சுக்கிட்டே போங்க."

"நழுவுதுங்க."

"நழுவும். விரலால பிடிச்சுப் பிடிச்சுப் போங்க."

ஒரு தடவை அளந்தான். திரும்பவும் அளந்தான். "அக்கா... ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்கு."

என் திருத்தத்தைப் போட்டு மறுபடி பிரிண்ட் எடுத்தான், ஒட்டினான், அளந்தான். நாலு அம்பத்தி மூணுக்குத் திரையில பச்சையா விழுந்துச்சு: "சேர்க்கப்பட்டது." நான் போட்ட கூச்சல்ல, உள்ளே சட்டை போட்டுப் பார்த்துக்கிட்டிருந்த கஸ்டமர் குண்டூசியோட வெளியே ஓடி வந்துட்டார்!

அஞ்சரைக்கு அவன் தனியா எழுதியிருந்தான்: "அக்கா, டேப் விஷயம் இருக்கான்னு வழிகாட்டியை முதல் பக்கத்துலேருந்து படிச்சேன். எங்கேயும் இல்ல. உண்மையைச் சொல்றேன், நான் அதை முழுசாப் படிச்சதே இன்னைக்குத்தான். பாதி எனக்கே புரியல."