வலப்பக்கம் நின்றவள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பவானி சொன்னது. பள்ளிக்கூட ஆசிரியை. இருபது வயதில் வந்த ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. இப்போது நாற்பதைத் தொடுகிறாள். இறங்குவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தாள்: "எழுதிக்கங்க. ஆனா பேய்க்கதையா ஆக்கிராதீக."

முதலில் இப்படித் தொடங்கினேன்: துணிக்கடைக் கண்ணாடியில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள்.

அடித்துவிட்டேன். யாருக்குத் தெரிந்தார்கள்? பவானிக்கு இல்லையே.

பிறகு: புதுச்சேலைகளின் கஞ்சி வாசத்துக்கு நடுவே அவள் ஒரு

வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

பவானிக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன், திராட்சைத் தோட்டக்காரர். முகூர்த்தச் சேலை எடுக்க அண்ணன் மனைவி முருகம்மாளோடு கம்பத்துக்குப் போனாள். கடையில் ஷெரின் என்ற விற்பனைப் பெண், பவானியின் தோளில் சேலையைப் போட்டுப் பார்த்தபடி, அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று முருகம்மாளிடம் கேட்டாள். பழுப்பில் எடு, அழுக்குத் தெரியாது என்றாள் முருகம்மாள். இத்தனை வருஷமும் பவானி கட்டியதெல்லாம் அழுக்குத் தெரியாத நிறங்கள்தான்.

மதினியை ஜாக்கெட் துணி பார்க்க அனுப்பிவிட்டு, பவானி போனை எடுத்தாள். எதிரே இருப்பதைப் படம் பிடித்து வாய்விட்டுச் சொல்லும் செயலி ஒன்று அதில் உண்டு. ஆளுயரக் கண்ணாடிக்கு நேராகப் போனை நீட்டினாள்.

"இரண்டு பெண்கள். ஒருவர் தோளில் பழுப்புச் சேலை. அவருக்கு வலப்பக்கம் நிற்பவர் எலுமிச்சை மஞ்சள் சேலை கட்டியிருக்கிறார். சிரிக்கிறார்."

ஷெரினாக இருக்கும் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. வலப்பக்கம் கையை நீட்டித் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி போனை நீட்டினாள்.

"இரண்டு பெண்கள். ஒரே முகச்சாயல். வலப்பக்கம் நிற்பவருக்கு இருபது வயது இருக்கலாம்."

பவானி போனை இறக்கினாள். தன் முகத்தை அவள் கடைசியாகக் கண்ணாடியில் பார்த்தது அந்த வயதில்தான்.

(இந்தச் செயலிகள் தப்பும் செய்யும். சுவரில் ஒட்டிய விளம்பரப் படத்தைக்கூட ஆள் என்று சொல்லும். அதுதான் விஷயம் என்று நினைத்து நானும் அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு எதிரே இருந்தது வெறும் வெள்ளைச் சுவர்.)

3

ஷெரின் இறங்கி வந்ததும் எலுமிச்சை மஞ்சளில் ஒரு சேலை கேட்டாள் பவானி. ஷெரின் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கலர் வந்த கட்ட இன்னும் பிரிக்கவே இல்லக்கா. ஒங்ககிட்ட யாரு சொன்னாக?"

திரும்பி வந்த முருகம்மாள், இந்த வயசுக்கு இந்தக் கலரா, ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தாள். பவானி குரலை உயர்த்தவில்லை.

"கட்டிக்கிறது நான், மதினி."

4

இங்கேதான் நான் தடுமாறினேன். முதல் பிரதியில் முருகம்மாளைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அது பொய். பவானிக்குத் தலை பின்னி, மடிப்பு எடுத்து, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் சொல்லி, இத்தனை வருஷமும் அவளை நாலு பேர் முன்னால் கூசாமல் நிற்க வைத்தவள் முருகம்மாள். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பவானி போன் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னாள். சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். முருகம்மாள் இரண்டும் செய்யவில்லை.

"எந்தப் பக்கம் நின்னாளாம்?"

"வலது பக்கம்."

முருகம்மாள் பவானியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னைய எப்பவும் இடது கையிலதான் புடிச்சு நடப்ப. வலது பக்கம் நான் வந்தா வெலகிக்கிருவ. யாருக்கோ எடம் விட்ட மாதிரி."

பவானிக்கு அது தெரியாது. அப்படி நடப்பதாக அவள் நினைத்ததே இல்லை.

5

முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கல்யாணத்தன்று காலை போன், ஒரு பெண் என்கிறது. இன்னொன்றில், இரண்டு பெண்கள். மூன்றாவதில், கண்ணாடியில் யாரும் இல்லை என்கிறது. மூன்றாவதை எழுதிவிட்டு நானே விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

நடந்தது இவற்றில் எதுவுமே இல்லை. அன்று காலை பவானி போனை எடுக்கவேயில்லை. மஞ்சள் சேலையைத் தானே கட்டினாள். மை தீட்டினாள். நெற்றியைத் தடவிப் பார்த்துப் பொட்டு வைத்தாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அறைக்குள் ஆள் அரவம் கேட்டது.

"பொட்டு நேரா இருக்கா?" என்று கேட்டாள்.

ஒரு விரல் வந்து, பொட்டைக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்தி, லேசாக அழுத்தியது. மதினி என்று நினைத்துப் பவானி கன்னத்தைத் தொடப்போனாள். கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதே நேரம் வாசலிலிருந்து, வண்டிக்குள் உட்கார்ந்தபடி, நேரமாச்சு என்று கூப்பிட்டாள் முருகம்மாள்.

பயமாக இருந்ததா என்று பஸ்ஸில் கேட்டேன். இல்லை என்றாள். அந்த விரல் சூடாக இருந்ததாம்.

பேய்க்கதையாக ஆக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் எடுத்த படங்களை மட்டும் நான் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பொட்டு நேராக இருக்கிறது. அந்த விரல்