கறுவாத்தோட்டத்து மாதா

கறுவாத்தோட்டத்து ஓவியக் கண்காட்சிக்கு வெள்ளைக்காரத் துரை தன் கையாலேயே அழைப்புக் கொடுத்ததும் கஸ்பாருக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகக் கந்தோர் கிளாக்கருக்கு வேறென்ன வேண்டும்? கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவி பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே ஒரு படத்தில், நீல முக்காட்டுப் பெண்ணொருத்தி மடியில் குழந்தையோடு இருந்தாள். பிலோமினா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, சிலுவை போட்டு, அத்தனை பேர் நடுவிலும் முழங்காலில் நின்றுவிட்டாள். படத்தின் கீழே ‘மீன்காரி’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. சீமாட்டிகள் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். கஸ்பாருக்குக் காது மடல் எரிந்தது.

மறுபக்கமிருந்து வந்த துரை, “கஸ்பார், உம்முடைய ஆளா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“இல்லை சேர். ஆரெண்டு தெரியாது.”

அந்தளவு இங்கிலீஷ் பிலோமினாவுக்கும் விளங்கும். அவள் மெல்ல எழுந்து முக்காட்டை எடுத்தாள்.

திரும்பும்போது டிராமில் பக்கத்தில்தான் இருந்தாள். கஸ்பாருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை; தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வந்து, “ரெண்டு பேரும் ஒண்டாவா?” என்றான்.

பிலோமினா சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

“எனக்கு மட்டும் தாங்கோ. இந்த ஐயா ஆரெண்டு தெரியாது.”