கும்பிட்டுக் கும்பிட்டு எண்ணிய பருந்துகள்

யானை பார்க்கப் பஹாங் காட்டுக்குப் போவதாகத்தான் இருந்தோம். அறைக்கு, வேனுக்கு, வழிகாட்டிக்கு என்று ஒவ்வொன்றாக விலை கேட்டதும் யானை தானாகக் காட்டுக்குள் திரும்பிவிட்டது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. கடைசியில் சனிக்கிழமை லாபு எஸ்டேட்டில் ரோகினி வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை எங்கள் தோழி அகதாவின் பழைய காரில் போர்டிக்சன் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை மார்ச் மாதத்தில் அங்கே தலைக்கு மேலேயே பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை. சோறு கட்டிக்கொடுத்த ரோகினியின் அம்மா வள்ளியம்மா, யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் தூத்துக்குடிக்காரி. எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தர, டிசம்பர் வரை இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கடல் கடந்து வந்தவள். ரோகினிக்கு நீலாயில் தொழிற்சாலை வேலை. வேலை முடிந்ததும் வந்து என்னோடு வகுப்பெடுப்பாள். இப்போது அவளுக்குப் பினாங்கில் சூப்பர்வைசர் வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

"நீதான் இருக்கேல்ல ஜோசலின், ரெண்டு பேருமா கிளாஸ நடத்துவோம்லா. பினாங்கு எங்க ஓடிடப் போவுது?" என்று அதை மறுத்துவிட முடிவு செய்திருந்தாள். எனக்கு ஊரில் பள்ளிக்கூட வேலை உறுதியாகி ஏப்ரலில் கிளம்புகிறேன் என்பதை ஒன்பது நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

கலங்கரை விளக்கத்தருகே பறவை எண்ணுகிறவர்களுக்கு ஆள் போதவில்லை. தலைமை தாங்கிய சீன அங்கிள் ரோகினி கையிலும் அகதா கையிலும் ஆளுக்கொரு எண்ணும் கருவியைக் கொடுத்தார். ஒரு பருந்துக்கு ஓர் அழுத்து. பத்தரை மணிக்குக் கடல் பக்கமிருந்து வரத் தொடங்கின. வள்ளியம்மா இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"அம்மா, அது கருடன் இல்லம்மா. வேற பருந்து."

"எல்லாம் அந்த ஜாதிதான். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கும்பிடாம மரமாட்டம் நிப்பியா? கைய கூப்புடி!"

அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவளில்லை ரோகினி. பருந்து வரும்போதெல்லாம் அழுத்தினாள், உடனே கும்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அங்கிள் எண்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். ஒரே வானம், அகதாவிடம் நூற்றுப் பன்னிரண்டு, ரோகினியிடம் இருநூற்று இருபத்திரண்டு. ரோகினி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கூப்பிய கைக்குள் கருவி ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை அழுந்தியிருக்கிறது. அகதா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரோகினி சிரிக்கவில்லை. நேரே அங்கிளிடம் போய், தப்பு தன்னுடையது, அந்தக் கணக்கை அடித்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னாள். அவர் சிரித்தபடி அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா பார் என்று தன் பைனாகுலரைக் கொடுத்தார். தப்பை ஒப்புக்கொள்ள அவளுக்கு அரை நிமிடம்தான் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"ரோகினி, நான் ஏப்ரல்ல ஊருக்குப் போறேன். வேலை கெடச்சிருக்கு."

அவள் கடலையே பார்த்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒம்பது நாளா."

"நாளைக்கு நான் பினாங்கு வேணாம்னு சொல்லப் போறேன்னு தெரியும்தானே?"

"தெரியும். அதனாலதான் இப்ப..."

"அப்ப பிள்ளைங்க?"

பின்னால் வள்ளியம்மா பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிட வாங்கடி, ஆறிப் போவுது" என்று கூப்பிட்டார். ரோகினி பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பருந்து ஒன்றுகூட இல்லாத பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"அங்க என்னலா தெரியுது?" என்றாள் அகதா.

"ம்."

நெடுநேரம் கழித்து, ரோகினி என் முகத்தைப் பார்க்காமலே பைனாகுலரை என்னிடம் நீட்டினாள். கண் வைக்கும் வளையம் இரண்டும் ஈரமாக இருந்தன. துடைக்காமல் அப்படியே கண்ணில் வைத்துக்கொண்டேன்.