மாடிக்குப் போன ஜாடிகள்

கனகா மாடிப்படியில் சிதறிக் கிடந்த வாழைக்காய்த் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாயின் மேல் மாமனார் கிடந்தார். ஆம்புலன்சில் வந்தவன் நாடி பார்த்து, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் இன்னும் அழவில்லை.

டீத்தூள், புடலங்காய்க் குடல், வெங்காயச் சருகு. பக்கெட் உருண்ட வழியெல்லாம் கிடந்தது. கடைசிப் படியில் முட்டை ஓடு. புரட்டாசி மாதம், இந்த வீட்டில் முட்டை வாங்கி இருபது நாளாகிறது. பக்கத்து வீட்டு ஓடு. அடுத்த வீட்டுக் குப்பை வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் மாமனார் போய் வாங்கியிருக்கிறார். அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது தெரிந்ததும் கை நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளிக் கட்டி, நகராட்சி வண்டி வரும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மாமனார் மாணிக்கவேல் முப்பது வருஷம் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, விரிசல் விட்டதென்று கழித்துப் போட்ட நாலு பெரிய ஊறுகாய் ஜாடிகளைக் கேட்டு வாங்கி வந்து கொல்லையில் வைத்தார். சமையல் கழிவு ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, மேலே ஒரு கரண்டி புளித்த மோர். மக்கி உரமானதைத் தெருவில் செடி வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வீட்டுக் காய்கறித் தோலை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆடியில் திட்டக்குடியிலிருந்து கனகாவின் அண்ணி வந்தாள். கொல்லைப் பக்கம் போனவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே திரும்பினாள்.

"என்னடி, குப்பமேட்டுல குடித்தனம் பண்ற?"

அன்று சாயங்காலமே கனகா சொன்னாள்.

"இதெல்லாம் மாடியில வச்சிக்கங்க மாமா."

"சரிம்மா" என்றார்.

ஜாடிகளை ஏற்ற ஆள் வந்தது. அவள் புருஷன் தேவநாதனும் ஒரு பக்கம் பிடித்தான். பதினைந்து படி. கைப்பிடி இல்லை. அவருக்கு வயது எழுபத்து நாலு.

இன்று காலையில் சத்தம் கேட்டு ஓடியவள்தான் அவர் அக்குளில் கை கொடுத்துக் கூடம் வரை இழுத்து வந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் சட்டை நனைந்தது. ஆம்புலன்ஸ்காரன், "எங்கம்மா வுழுந்தாரு?" என்று கேட்டபோது அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே, "பாத்ரூம்ல" என்றாள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் அளவெடுக்கப் போயிருந்த தேவநாதன் ஒன்பது மணிக்கு வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு அவனும் அதையே கேட்டான்.

"எங்க வுழுந்தாரு?"

"பாத்ரூம்ல."

அவன் எழுந்து குளியலறை வாசலில் போய் நின்றான். வெகு நேரம் நின்றான்.

"வழுக்குதுடான்னு சொன்னாரு கனகா. பழகிடும்பான்னேன். நம்ம கடையில மிச்சம் கெடந்த டைல்ஸு."

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் முதல் ஒப்பாரி கேட்டது. நல்லூரிலிருந்து சொந்தக்காரச் சனம் வந்து இறங்கியிருந்தது.

பந்தலுக்குள் ராஜாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாணிக்கவேலோடு வேலை பார்த்தவர்.

"டைல்ஸு கடைக்காரன் வூட்டு டைல்ஸே ஆள வுழ வச்சிடுச்சி. நாமெல்லாம் எங்க போயி வாங்குறது?"

"செத்த வூட்ல பேசுற பேச்சா இது?"

"மாணிக்கம் இருந்தா அவனே சிரிச்சிருப்பான்யா" என்றவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேவநாதன் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருந்தான். அவன் காது சிவந்ததைக் கனகா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்வநாயகி மாலை போட்டுவிட்டு அவளருகில் வந்து உட்கார்ந்தாள்.

"காலையில நம்ம வூட்டுக்கு வந்தாரு கனகா. முட்ட ஓட்ட நொறுக்கிப் போட்டுக் குடும்மான்னாரு. மொதலாளிக்கு வேற என்னா வேணும்னு கிண்டலா கேட்டேன், சிரிச்சாரு. நேரா மாடிக்கித்தான் போறேன்னாரு." கனகா பக்கம் திரும்பினாள். "பாத்ரூம்லயா வுழுந்தாரு?"

"அதுக்கு முன்னாடி பாத்ரூமுக்குப் போனாருக்கா."

செல்வநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"ம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கனகா அப்போதுதான் அழுதாள். "மருமவளா இருந்தாலும் மவ மாதிரி" என்று யாரோ சொன்னார்கள். அழுகையை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

மணிமுத்தாற்றங்கரையில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய தேவநாதன் கொல்லைக் குழாயடியில் குளித்தான். குளியலறைக்குள் போகவில்லை. ஈர வேட்டியோடு கடைப் பையிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே போனான். சத்தம் கேட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வுடுங்க. மனசு ஆறட்டும்."

கனகா போனாள். நாலைந்து டைல்ஸ் பெயர்ந்திருந்தன. அவன் விரலில் ரத்தம்.

"என்னங்க பண்றீங்க? வுடுங்க."

"நாளைக்கி ஒனக்கும் வயசாவும்ல" என்றான், நிமிராமல். "நீயும் வுழுந்தா நான் என்னா பண்ணுவேன்?"

உளி இன்னொன்றின் விளிம்பில் உட்கார்ந்தது.

"படியிலங்க" என்றாள்.

சுத்தியல் மேலேயே நின்றது.

"படியில வுழுந்தாரு. பக்கெட்ட எடுத்துக்கிட்டு மாடிக்கி ஏறும்போது. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவன் அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் சுத்தியலை உடைந்த துண்டுகளின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அவள் மேல் படாமல் ஒதுங்கி வெளியே போனான். படியேறும் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறினான், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.

அவளும் பின்னால் போனாள். பதினாலாவது படியில் நின்றுகொண்டாள்.

வெயில் இறங்கியிருந்தது. தேவநாதன் முதல் ஜாடியின் மூடியை எடுத்துக் கீழே வைத்தான். குனிந்து பார்த்தான். பிறகு மக்கிக்கொண்டிருந்த குப்பைக்குள் கையை விட்டான், முழங்கை வரைக்கும்.

"சூடா இருக்குது" என்றான்.

கையை எடுக்கவில்லை. கீழே யாரோ விளக்குக்கு எண்ணெய் எங்கே என்று கேட்டார்கள். கனகா ஒரு படி கீழேயே நின்றாள்.