இரண்டு முறை இல்லை என்று வந்தால்

“எங்க பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லைங்களே. நல்லாத்தானே ஓடி ஆடிக்கிட்டு இருக்கா?”

“நல்லா ஓடி ஆடுற பிள்ளைங்கதான் சார் எங்களுக்கு வேணும்.”

“சரி, வந்து அவகிட்ட என்ன கேக்கப் போறீங்க?”

“டயப்பர்.”

பத்து மாதத்துக்கு முன்னால், நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் வாசற்படியில் நடந்த பேச்சு அது. நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதனின் முகம் போன போக்கு அப்படி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக் அவன். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைபட்டு ஓடுகிறது. அவன் குடியிருக்கிற கட்டடத்தில் மட்டும் லிஃப்டே கிடையாது.

அவள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வீட்டு விசிட் ஊழியர். நோய் நொடி எதுவும் இல்லாத சின்னப் பிள்ளைகளின் குடலில்கூட மருந்துக்கு மசியாத கிருமிகள் குடியிருக்கின்றன; அவை எத்தனை நாள் தங்குகின்றன, எப்போது தாமாகவே கிளம்புகின்றன என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. மாதம் ஒரு முறை போக வேண்டும். மூடியோடு சேர்ந்த குட்டி ஸ்பூனால் டயப்பரிலிருந்து கொஞ்சம் எடுத்து, சீசாவில் அடைத்து, ஐஸ் வைத்த நீல டப்பாவுக்குள் போட்டு, நான்கு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை கிருமி இல்லை என்று வந்தால் அந்த வீட்டுக் கணக்கு முடிந்தது. பிறகு அங்கே போக அவளுக்குக் காரணம் கிடையாது.

அந்த வீட்டில் அம்மா இல்லை. பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள், எந்த மருந்துக்கும் அடங்காத காய்ச்சலில் போய்விட்டாள். கீழ் வீட்டுத் தையல்காரம்மாதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை. அதனால் அவளுக்கும் அந்த வீடு செவ்வாய்க்கிழமை வீடாகிவிட்டது.

போனதும் அவன் இரண்டு கிளாஸ் டீ போடுவான். விசிட் போகிற வீடுகளில் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது நிலையத்தின் விதி. “வேண்டாம் சார்” என்பாள். “விதியா மேடம்?” என்பான். “விதிதான் சார்.” பிறகு இரண்டு கிளாஸையும் அவனே குடிப்பான். மறுமாதமும் இரண்டு கிளாஸ் வரும்.

குழந்தைக்குப் பேச்சு வந்தபோது, தையல்காரம்மா அவளைக் காட்டி, “அத்தை வந்திருக்காங்க பாரு” என்றாள்.

“அத்தை வேணாங்க,” என்று அவன் அவசரமாகச் சொன்னான்.

“ஏன், உனக்கு ஒரு தங்கச்சி கிடைச்சா கசக்குதா? சரி, சித்தின்னு கூப்பிடட்டும்.”

அவன் காது வரைக்கும் சிவந்துபோய்ச் சமையலறைக்குள் எதையோ தேடப் போய்விட்டான். தையல்காரம்மா ஊசிக்கு நூல் கோர்ப்பவளைப் போல ஒரு கண்ணை மூடிச் சிரித்தாள். கடைசியில் குழந்தையே ஒரு பெயர் வைத்தது. “டப்பா.” டப்பா வந்தாச்சு. டப்பா போயாச்சு. ‘அத்தை வேணாங்க’ என்ற அந்த இரண்டு சொற்களை மட்டும் அவள் தன் ஹாஸ்டல் அறைக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்திருந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. நான்கு வருட மணவாழ்க்கை முறிந்து ஆறு வருடம் ஆகிறது. யாரிடமும் எதுவும் கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்தப் படிகளில் இறங்கும்போது மனதுக்குள் ஒரு கேள்வி முளைக்கும். மூன்றாவது மாடியில் தைரியமாக இருக்கும். தரைத்தளம் வருவதற்குள் வாடிவிடும்.

ஒன்பதாவது விசிட்டில்தான் அதைக் கவனித்தாள். குழந்தை அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “முத்தா!” என்றது. அவன் தன் உள்ளங்கையை முத்தமிட்டு, அந்தக் கையைக் குழந்தையின் தலையில் அழுத்தினான்.

“என்ன சார் இது, பார்சல் முத்தமா?” என்று அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. “நீங்கதானே மேடம் சொன்னீங்க.”

“நானா?”

“கிருமி இருக்குன்னு மொதல்ல சொன்னீங்கல்ல, அன்னிக்குக் கேட்டேன். முத்தம் குடுக்கலாமான்னு. நீங்க ஆமா இல்லைன்னு சொல்லாம, ‘கை நல்லா கழுவுங்க சார், அதுக்கு மேல சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை’ன்னீங்க. அப்படின்னா கூடாதுன்னுதானே அர்த்தம்?”

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. அறிவுரை சொல்லாதே, கேட்டால் இதைச் சொல். முப்பது வீட்டில் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். மனைவியைக் கிருமிக்குப் பறிகொடுத்த இந்த ஒருவன் மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

அங்கேயே நின்று நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“தாராளமா கொஞ்சச் சொல்லும்மா,” என்றார் டாக்டர். “அது குடல்ல இருக்கிற கிருமி. டயப்பர் மாத்தினா கை கழுவணும், அவ்வளவுதான். உனக்கும் எனக்கும்கூட இருக்கும், யாரு பார்த்தது?”

அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கைகளைத் துண்டில் துடைத்தான். கழுவிக் கழுவி விரல் முட்டிகள் வெடித்திருந்தன.

“புரியுது மேடம். இருந்தாலும் அது போனப்புறம் குடுத்துக்கறேன். இவ்வளவு நாள் இருந்துட்டேன்.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது சார்.”

“அவங்க அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஒன்பதாவது மாதிரி, இல்லை என்று வந்தது. முதல் முறையாக இல்லை. போனில் சொன்னபோது அவன், “இன்னும் ஒண்ணுதானே?” என்றான். அவளும், “இன்னும் ஒண்ணுதான்,” என்றாள். ஒரே வாக்கியம்தான், அவன் சொன்னபோது விடிந்த மாதிரி இருந்தது, அவள் சொன்னபோது அப்படி இல்லை.

பத்தாவது செவ்வாய். மாதிரியை டப்பாவில் வைத்து மூடியதும் குழந்தை ஓடிவந்தது. தன் உள்ளங்கையைச் சத்தமாக முத்தமிட்டு, டப்பாவின் மூடிமேல் பட்டென்று வைத்தது. “டப்பா, டாட்டா!”

பஸ் நிறுத்தத்தில் அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கவாட்டில் உள்ளே இருக்கிற குளிர்ச்சியைக் காட்டும் குட்டி முள் ஒன்று, பச்சைக்கோட்டில் நின்றது. சிவப்புக்குப் போனால் மாதிரி கெட்டுப்போனது என்று லேபில் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த மாதம் திரும்ப எடுக்க வேண்டும். நல்ல வெயில். பஸ் தாமதம் என்று எழுதினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை. இன்னும் இரண்டு கிளாஸ் டீ.

ஒரு பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் வந்தது, கண்டக்டர், “ஏறலையாம்மா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். மூடியை லேசாகத் திறந்து வைத்தால் போதும். அவள் கை மூடிக்குப் போனது.

மூடிமேல் பிஸ்கட் பிசுபிசுப்போடு ஒரு குட்டிக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

முத்தம் என்றாலே இதுதான் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் உள்ளங்கை, பிறகு தலை, இல்லாவிட்டால் ஒரு டப்பா. இதைக் கற்றுக்கொடுத்தவள் யார்? அவன் இல்லை. நான்தான். இப்போது அவர்களிடமிருந்து இன்னொரு மாதத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது பஸ் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி, “கொஞ்சம் வேகமா போங்கண்ணே,” என்றாள்.

“டப்பாவுல என்னம்மா, ஐஸ்கிரீமா?”

“அதைவிட முக்கியம்ணே. வேணும்னா திறந்து காட்டறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த செவ்வாயன்று, நான்கு மாடியையும் நிற்காமல் ஏறினாள். அந்த வீட்டில் கொடுத்து வைத்திருந்த மீதிச் சீசாக்களைத் திரும்ப வாங்க வேண்டும், முடிவுத்தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். போனில் முடிவைச் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“இல்லை சார். இந்தத் தடவையும் இல்லை.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“இல்லை. ரெண்டு தடவையும் இல்லை.” பிறகு உண்மையை மறைக்க மனம் வராமல் சேர்த்துக்கொண்டாள். “எப்பவாவது திரும்ப வரலாம். யாருக்கும் வரலாம். வந்தாலும் நீங்க குடுங்க. இதை நிலையம் சொல்லலை, நான் சொல்றேன்.”

அவன் பழக்கதோஷத்தில் குழாயடிக்குப் போனான். குழாயில் கை வைத்தான். திறக்காமலே திரும்பி வந்தான். தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி, கன்னத்தில் முத்தமிட்டான். அப்புறம் அடுத்த கன்னத்தில். அப்புறம் நெற்றி, மூக்கு, கழுத்து. அவன் தோள்கள் குலுங்கின.

குழந்தை திகைத்துப்போய்க் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. “மீசை குத்துது,” என்று புகார் சொன்னது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மறுகன்னத்தைக் காட்டியது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீசாக்களை எண்ணினாள். ஆறுதான். மூன்று தடவை எண்ணினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. காகிதத்தையும் உடனே விடவில்லை.

“அப்ப இனிமே...” என்று ஆரம்பித்தான். “வேற வீட்டுக்குப் போவீங்க.”

“ஆமா.”

“நாலு மாடி ஏற வேண்டியிருக்காது.”

“ஆமா.”

மேஜைமேல் இரண்டு கிளாஸ் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. எப்போது போட்டானோ தெரியவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். முதல் படியில் ஒரு காலை வைத்தாள். இந்தப் படிகளைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். இறங்கினால் தரைத்தளம் வருவதற்குள் கேள்வி வாடிவிடும்.

“டப்பா, டாட்டா!” என்றது குழந்தை, அப்பாவின் தோளிலிருந்து.

அவள் காலை எடுத்தாள். உள்ளே வந்து டப்பாவை ஓர் ஓரமாக வைத்தாள். மேஜைக்கு அருகில் போய், எப்போதும் அவன் இரண்டாவதாகக் குடிக்கிற கிளாஸை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. ‘சார்’ என்ற சொல் வாய்வரை வந்தது, அதை விழுங்கிவிட்டாள்.

“அடுத்த செவ்வாய்க்கிழமை டப்பா இல்லாம வரணும்னு இருக்கு. அதுக்கு அடுத்ததும். எனக்கும் சேர்த்து டீ போடுவீங்களா?”