எதிர்க்கொடை வாங்காத தம்பி

புனித மிக்கேலின் வாள்மேல் ஆணை, நான்கு சுவிசேஷங்களின்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கோர்னாலா நாட்டை அண்ணன் மகினுல்பும் தம்பி வைபாரியும் சேர்ந்தே ஆண்டார்கள். இருவருக்கும் ஒரே அரியணை. அதில் முக்கால் பங்கு அண்ணனின் இடுப்புக்குப் போய்விடும். வைபாரி மிச்சத்தில் ஒட்டிக்கொண்டிருப்பான். இதை ஒன்பது வருடம் பொறுத்தவனுக்கு, நவம்பர் பதினொன்றில் வரும் மார்ட்டின் திருநாள் விருந்தில் பன்றித்தொடை மறுபடியும் அண்ணன் முன்னால் போய் நின்றபோது பொறுக்கவில்லை.

"தொடையோட ஏன் நிறுத்துற? என் பாதி நாட்டையும் நீயே எடுத்துக்கோண்ணே! குடுத்துட்டேன்! போ!" என்று மேசையைக் குத்தினான்.

நாற்பது பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். நீதிபதி உர்சோ தாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொடை சொல்லியாச்சு. எதிர்க்கொடை எங்க?"

லொம்பார்தியர் வழக்கம் அது. கொடுத்தவன், பெற்றவனிடமிருந்து பதிலுக்கு ஏதாவது ஒன்றை, ஒரு கையுறையையாவது, வாங்கிக்கொண்டால்தான் கொடை செல்லும். நாற்பது நாளுக்குள் வாங்காவிட்டால் சொன்னது காற்றோடு போயிற்று. மகினுல்ப் உடனே கையுறையைக் கழற்றி நீட்டினான். அப்போதுதான் வைபாரிக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவைத் தலையால் முட்டித் திறந்து ஓடினான்.

பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அண்ணன் உப்பை நகர்த்தினால் உப்பில்லாமல் தின்றான். அண்ணன் ரொட்டியை நீட்டினால் பசியில்லை என்றான். பதினோராம் நாள் மகினுல்ப் ஒரு பேரிக்காயைக் குறிபார்த்து எறிந்தான். அது வைபாரியின் தாடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. தாடி கையாகுமா என்று உர்சோவும் பன்னிரண்டு பெரியவர்களும் மூன்று நாள் ஆராய்ந்து, ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் வைபாரி காயைத் தொடாமல் தாடியோடு சுமந்து திரிந்தான். குளவிகள்தான் அதைத் தின்று தீர்த்தன.

அண்ணனுக்குச் சளி பிடித்து, அது தம்பிக்கும் ஒட்டியது.

"என்கிட்டேர்ந்து வாங்கிட்டான்ல? எழுதுங்கய்யா!" என்று குதித்தான் மகினுல்ப்.

"மனசார குடுத்தீங்களா பிரபு?" என்று கேட்டார் உர்சோ.

"தும்மல் தானா வந்துச்சு."

"அப்ப செல்லாது."

முப்பத்தொன்பதாம் நாள், ஆற்றங்கரையில் காட்டுப்பன்றியைத் துரத்திப்போன வைபாரி சேற்றில் மார்புவரை இறங்கிவிட்டான். மகினுல்ப் ஓடிவந்து ஈட்டிக் காம்பை நீட்டினான். பின்னாலேயே வந்த உர்சோ ஒரு பாறையைத் துடைத்து உட்கார்ந்தார்.

"புடிச்சுக்கோடா!"

"கீழ போட்டுட்டுத் தள்ளி நில்லுண்ணே. கையிலேர்ந்து வாங்க மாட்டேன்."

"கீழ போட்டா உள்ள போயிரும்டா, மடையா!"

"போகட்டும். உர்சோ, நீர் கை குடும்."

"சாட்சி கை நீட்டக்கூடாது பிரபு" என்றார் உர்சோ, வருத்தத்தோடு.

சேறு தோளுக்கு ஏறியது. இன்னும் ஒரே நாள். அதுவரை மூக்கு வெளியே இருந்தால் பாதி நாடு தனக்குத்தான் என்று கணக்குப் போட்டான் வைபாரி. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

"உன் பாதி எனக்கு வேணாம்டா. சத்தியமா வேணாம். புடி!"

"இப்படிச் சொல்லித்தான் சின்ன வயசுல என் குதிரைய எடுத்துக்கிட்ட."

"அது நொண்டிக் குதிரைடா!" என்று கத்தி இன்னும் எட்டி வளைந்த மகினுல்ப், ஈட்டியோடு தலைகுப்புற விழுந்தான். அவன் எடை அவனைக் கழுத்துவரை ஒரே மூச்சில் கொண்டுபோயிற்று.

சத்தம் கேட்டு அக்கா இமில்தா கோவேறு கழுதையோடு வந்தாள். கணவனை இழந்தவள், சட்டப்படி தம்பிகள் இருவரும்தான் அவளுக்குக் காப்பாளர்கள். சேணத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். ஆனால் வீசவில்லை.

"டேய், ரெண்டு பேரும் அவங்கவங்க பங்கை எனக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"அக்கா, இது நியாயமா?" என்றான் வைபாரி.

"நியாயத்தை மேல வந்து பேசலாம். எனக்கு அவசரமில்ல, சீஸைத் துணியில கட்டி வடியவிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அண்ணனின் வாய் சேற்றில் குமிழி விடத் தொடங்கியது. வைபாரிக்குத் தன் பாதி நாடு சட்டென்று மறந்துபோயிற்று.

"குடுத்துட்டேன்க்கா! அண்ணன் பங்கையும் குடுத்துட்டான்! குடுத்தேன்னு தலையாட்டுண்ணே!"

மகினுல்ப் ஆட்டினான். உர்சோ பாறையிலிருந்து எழுந்தார்.

"பெண் தனியா வாங்கக்கூடாதே. காப்பாளர் சம்மதம் வேணும்."

"காப்பாளரெல்லாம் அங்கதான் இருக்காங்க. சீக்கிரம் கேளும்."

"சம்மதம்!" என்றான் வைபாரி. மகினுல்பிடமிருந்து குமிழி வந்தது. அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

"இந்தாங்க எதிர்க்கொடை" என்று இமில்தா கயிற்றை வீசினாள். வைபாரி பாய்ந்து பிடித்து, முதலில் அண்ணனின் அக்குளுக்குக் கீழே கட்டினான். கழுதை இருவரையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டது.

இமில்தா பதினேழு வருடம் ஆண்டாள், அரியணை முழுவதிலும் உட்கார்ந்து. தம்பிகள் கீழே ஒரு பெஞ்சில் இருந்து, உப்பைக் கைமாற்றிக்கொண்டு, பன்றித்தொடையைச் சரிபாதியாகத் தின்றார்கள்.

தம்பிகள் ஆற்றங்கரைச் சேற்றில் புதைந்த அதே ஆண்டு, அறுவடை தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை கோர்னாலாவில் ஒரு சொட்டு மழை இல்லை என்றும், ஆறு காய்ந்து அதில் ஆடு மேய்ந்தது என்றும் மடத்துத் துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.