நரி வேட்டைக்கு நான் எழுதிய விதிகள்

எங்கள் கிளப்பில் இருபத்து மூன்று பேர். அதில் ரேடியோ தெரிந்தவர்களை எண்ண ஒரு விரல் போதும். அந்த விரலும் என்னுடையது. மற்றவர்களெல்லாம் அரசாங்கத் தேர்வை எப்படியோ எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி, அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டு, தினமும் காலையில் "உங்க ஏரியாவுல மழையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்பவர்கள். இதற்கு வாட்ஸப் போதாதா என்று பலமுறை கேட்டுவிட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

என் பெயர் ஸ்ரீவத்சன். சேலையூரில் இருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம்: பாலைவனத்தில் நரி வேட்டை ஆட வேண்டும்.

உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்த நரி, உள்ளங்கையளவு டிரான்ஸ்மிட்டர். அதை ஒருவர் எங்காவது ஒளித்துவைப்பார். அது விட்டுவிட்டு, ரேடியோவில் மட்டும் கேட்கும்படி, பீப் பீப் என்று கத்தும். மற்றவர்கள் வண்டியில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு, சத்தம் எந்தத் திசையில் வலுக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேட வேண்டும். ராஜஸ்தானில் ஒரு கிளப் வருடாவருடம் இதை மணல்மேடுகளுக்கு நடுவே நடத்துகிறது. அங்கே அடுக்குமாடி கிடையாது, தகரக் கொட்டகை கிடையாது, அலை எதிலும் பட்டுத் திரும்பி ஆளை ஏமாற்றாது. கெட்டிக்காரன் மட்டுமே ஜெயிப்பான். பதினோரு வருடமாக நான் காத்திருந்த அழைப்பு இந்த ஜனவரிக்கு வந்தது. எங்கள் கிளப்பிலிருந்து ஒரு வண்டி, இரண்டே இடம். உள்ளூர் வேட்டையில் ஜெயிப்பவரும், அவர் தேர்ந்தெடுக்கும் உரிமம் உள்ள துணை ஒருவரும்.

தாம்பரத்தில் பாலைவனம் இல்லை. அதற்குப் பதிலாக லேஅவுட் இருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்மண், வெள்ளைக் கல், சாயம் போன கொடி, 'சில மனைகளே உள்ளன' என்ற பலகை. மரம் என்று பார்த்தால் அந்தப் பலகையில் வரைந்ததுதான். நாங்கள் அங்கேதான் ஆடுகிறோம்.

வேட்டைக்கான விதிகளை எழுதியவன் நான். மொத்தம் ஒன்பது. தலைவர் தோத்தாத்ரி மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'நரி ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும்.' பாங்க்கில் முப்பது வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு வேறென்ன தோன்றும்? "இது குழந்தைகளுக்கான விதி" என்று எல்லார் முன்னாலும் அடித்துப்போட்டேன். ஏழாவது விதி முழுக்க என் சொந்தச் சரக்கு: 'நரியைக் கையால் தொட்டு, அதன்மேல் எழுதியுள்ள எண்ணை ஒளித்தவருக்கு முதலில் அனுப்பும் உரிமதாரரே வெற்றியாளர். வண்டியின் உரிமையாளர் அல்ல.' போன வருடம் தோத்தாத்ரியோடு வந்த மருமகன் நரியைக் கண்டுபிடிக்க, இவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். அந்த வயிற்றெரிச்சலில் எழுதியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முடிச்சூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் எட்டரைக்கெல்லாம் கூடிவிட்டோம். இந்த முறை நரியை ஒளித்தவள் ஏஞ்சல். கூடுவாஞ்சேரிப் பெண், வயது இருபத்தாறு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு. உரிமம் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. இவளிடம் நரியைக் கொடுத்தால் ஏதாவது பெட்டிக்கடைப் பலகைக்குப் பின்னால் சொருகிவிட்டு வருவாள் என்று நினைத்தேன். வேதாவிடம் சொல்லவும் செய்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

வேதா என் மனைவி. உரிமத் தேர்வை அவள் முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள், நான் இரண்டாவது தடவை. அந்த வருடம் கேள்வித்தாள் சுலபம்.

ஏஞ்சல் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சாப்பாட்டுப் பை கொடுத்துக்கொண்டு வந்தாள். இது எங்கள் கிளப்பின் வழக்கம்: வண்டிக்கு இரண்டு பொட்டலம் புளியோதரை, ஒரு பாட்டில் தண்ணீர். மண்டபத்துச் சமையல்காரர் முந்தின நாள் கல்யாணத்தில் மிஞ்சியதைக் கட்டித் தருகிறார் என்பது என் ஊகம். அதைக் காக்காய்கூடத் தொடாது என்று பொதுக்குழுவிலேயே பேசியிருக்கிறேன்.

"சார், உங்க வண்டிச் சாப்பாடு," என்றாள்.

"பின்னாடி போடும்மா. திரும்பி வந்து தெரு நாய்க்குப் போட்டுக்கறேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடியே பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மணி ஒன்பதுக்கு வேட்டை ஆரம்பம், ஒரு மணி வரை. வண்டிகள் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துத்தான் நரி வாயைத் திறக்கும். முதல் மூன்று இடங்களுக்கும் பரிசு உண்டு என்பதால், ஒருவர் கண்டுபிடித்துவிட்டாலும் ஏஞ்சல் வெளியே சொல்ல மாட்டாள். மற்றவர்கள் தேடிக்கொண்டே இருக்கலாம்.

என் காரின் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கூரைமேல் ஆன்டெனா. அதைச் சுற்றும் பி.வி.சி. குழாய் என் ஜன்னல் வழியாக உள்ளே வரும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பிடியைத் திருகி, மீட்டர் முள்ளைப் பார்த்துத் திசை சொல்வேன். வேதா பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போடுவாள். கோடுகள் சேரும் இடத்தில் நரி. வெயிலில் இறங்கி நடுரோட்டில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பவனை நான் ஆப்பரேட்டர் என்றே மதிப்பதில்லை.

வண்டலூர் தாண்டும் முன்பே சத்தம் கேட்டுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் தோத்தாத்ரியின் பெரிய வெள்ளை வண்டி. அதற்குப் பின்னால் ரத்தினத்தின் ஆட்டோ. ரத்தினம் பொத்தேரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வேட்டையன்று மட்டும் அண்ணனின் ஆட்டோவை வாங்கி, அதன் கம்பியில் இரும்பு இன்ச் டேப்பை வெட்டிச் செய்த ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு வருவான்.

"பாத்தியா, சுயமா தேடத் துப்பில்ல. நான் எங்க போறேனோ அங்க வருதுங்க," என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஊரப்பாக்கத்தில் சட்டென்று இடது பக்கம் ஒடித்தேன். அவர்களும் ஒடித்தார்கள். ஒரு லேஅவுட்டுக்குள் நுழைந்து இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே வந்தேன். அவர்களும் இரண்டு சுற்று. சிக்னலில் தப்பித்துக் கூடுவாஞ்சேரி மார்க்கெட் சந்துக்குள் புகுந்தேன். பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்து நின்றது. ரத்தினம் ஆன்டெனாவை என் பக்கம் நீட்டிக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

நரியின் சத்தம் ஒருமுறை காதைக் கிழித்தது, அடுத்த முறை ஈனஸ்வரத்தில் முனகியது, பிறகு ஐந்து நிமிடம் மூச்சே இல்லை.

"கோடு எங்கயுமே சேரலையே," என்றாள் வேதா. "ஒண்ணு செங்கல்பட்டுக்குப் போறது, ஒண்ணு கடலுக்குப் போறது."

"ஸ்கேலை நேரா வை."

"நேராத்தான் வச்சிருக்கேன். எங்க போனாலும் ஒரே மாதிரி கத்தறது, ஒரே மாதிரி முனகறது. கிட்டப் போனா ஜாஸ்தியாகணும், இல்லையா?"

"ஹைடென்ஷன் கம்பில பட்டுத் திரும்பறது. உனக்குப் புரியாது."

பொத்தேரி தாண்டி ஒரு நுங்கு வண்டியைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாள். நுங்கு வாங்கப் போனவள், கைப்பையிலிருந்து தன்னுடைய சின்ன வாக்கி டாக்கியை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். உடம்பை மறைப்பாக வைத்துத் திசை பார்க்கும் முறை அது. முதல் பாடத்தில் சொல்லித்தருவது. பத்தடி தள்ளிப் போய் ஒரு சுற்று, இன்னும் பத்தடி தள்ளிப் போய் ஒரு சுற்று. நுங்குக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்ம பிரதட்சிணம் முடிஞ்சுதா? தீர்த்தம் வாங்கிண்டு வா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். என் நகைச்சுவைக்கு நானே சிரிக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவள் முன்னால் உட்காராமல் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். காலை நீட்டிக்கொள்ள வேண்டுமாம். கொஞ்ச நேரம் பை சரசரத்தது.

"ஏன்னா, ஒரு விஷயம்..." என்றாள்.

"சும்மா இரு. முள்ளு ஏறறது."

சும்மா இருந்தாள். சற்றுக் கழித்துப் புளியோதரை வாசனை வந்தது.

"அதையா தின்னறே?"

"நன்னா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்த் திரும்பினேன். ஒரு தொழிற்சாலைச் சுவரைச் சுற்றி மூன்று முறை வந்து காவலாளியிடம் திட்டு வாங்கினேன். அவனுக்கு ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி. வழி நெடுக எல்லாரையும் வைதேன்: நரியை இவ்வளவு மோசமாக ஒளித்த ஏஞ்சலை, என் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் தோத்தாத்ரியை, இன்ச் டேப் ரத்தினத்தை. வேதா பின்னாலிருந்து 'உம்' கொட்டினாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஒரு லேஅவுட்டில் முள் கடைசிக் கோடு வரை போய் ஒட்டிக்கொண்டது. எதிரே ஒரு பெரிய சிமென்ட் வளைவு, இரண்டு பக்கமும் யானை பொம்மை. யானைக்குப் பின்னால்தான் நரி, வேறு வழியே இல்லை. பின்னால் புழுதி கிளம்புவது தெரிந்தது. அந்தக் கூட்டம் வருவதற்குள் தொட்டாக வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொள்கையை விட்டு, கூரையிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். பாலைவனம் கண்ணுக்குத் தெரிந்தது.

யானையைப் பார்த்து நீட்டினேன். முள் படுத்துவிட்டது. சுற்றினேன். ஆன்டெனா என் காரைக் காட்டியபோது முள் துள்ளி எழுந்தது. குழாயை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தேன். மறுபடியும் என் கார். பதினோரு வருட உழைப்பு இப்போதா பழுதாக வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. ரத்தினம் இறங்கி, என்னைத் தாண்டி, நேராக என் காரின் பின் கதவுக்குப் போனான்.

"சார், கொஞ்சம் நவுருங்க. காத்தாலேர்ந்து பேஜாராப் பூட்ச்சு. ஒரே எடத்துல நிக்கவே மாட்டேன்றீங்க. நரி உங்க வண்டிக்குள்ளதான் கீது."

வேதா கதவைத் திறந்துவிட்டாள். ரத்தினம் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டான். ஒரு புளியோதரைப் பொட்டலம் காலியாகக் கிடந்தது. இன்னொன்றை, வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றி நூல் கட்டியிருந்ததை, வெளியே எடுத்துப் பிரித்தான். நரி அவன் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்க, ஆட்டோவிலிருந்த ரேடியோ பீப் என்றது. அவன் எண்ணை அனுப்ப, தோத்தாத்ரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து தொட்டு, அவரும் அனுப்பினார்.

"கையில வெண்ணெய வச்சுண்டு நெய்க்கு அலையறதும்பா. இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்," என்றார். "மூணாவது விதி இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா, ஸ்ரீவத்சன்?"

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஏஞ்சல் போனைப் பார்த்துப் படித்தாள். "ரத்தினம் அண்ணா செகண்ட். தோத்தாத்ரி சார் தேர்ட்."

"அப்ப ஃபர்ஸ்ட் யாரு?" என்றேன்.

"வேதா மேடம். பத்து அம்பத்திரண்டுக்கே நம்பர் அனுப்பிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் ஏழாவது விதியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உரிமதாரரே வெற்றியாளர், வண்டியின் உரிமையாளர் அல்ல. சரி, போகட்டும், எனக்கென்ன? ஜெயித்தவள் என் மனைவி. துணைக்கு வேறு யார் போகப்போகிறார்கள்? பாலைவனம் இன்னும் கைநழுவவில்லை.

"மேடம், துணைக்கு யார் பேரைப் போடறது?" என்று ஏஞ்சல் கேட்டாள்.

"உன் பேரையே போடும்மா," என்றாள் வேதா. "சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு ஒளிச்சு வைக்கவும் தெரிஞ்சிருக்கு, நான் பேசினா காது குடுத்துக் கேக்கவும் தெரியறது. வண்டி ஓட்டுவியோல்லியோ?"

"சூப்பரா ஓட்டுவேன் மேடம்."

திரும்பும்போது வேதா முன் சீட்டுக்கு வந்தாள். வண்டலூர் வரை ஹார்னை அடித்துக்கொண்டே வந்தேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாலைவனம் போனதுதான் ஆறவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சும்மா இருன்னேள். இருந்தேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் இருந்துதே!"

"எல்லாரையும் வஞ்சுண்டு அவ்வளவு சந்தோஷமா ஓட்டிண்டிருந்தேள். கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இரும்புலியூர் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மணி இரண்டு. காலையில் குடித்த காபி எப்போதோ கரைந்துபோய், பசி குடலைப் பிடுங்கியது. கௌரவத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"அந்தப் பையில புளியோதரை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒரு பொட்டலம்தான் வச்சிருந்தா. அதை நான் சாப்பிட்டுட்டேன்."

"வண்டிக்கு ரெண்டாச்சே?"

"உங்க பொட்டலத்தோட எடத்துலதான் நரியை வச்சிருந்தா. நான் ஏஞ்சலைக் கேட்டேன், 'எங்காத்துக்காரர் பிரிச்சுப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?'ன்னு." வேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "'சார் எங்க கை பட்டது எதையும் தொடமாட்டாரு மேடம், அது கிளப்புல எல்லாருக்கும் தெரியும்'னா."